விலை தெரியும், காத்திருக்க முடியாது

திண்டுக்கல், வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, பழனி என்று நான்கு ஊர்ச் சாலைகள் கூடுகிற இடம் செம்பட்டி. அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஒரு சரக்கின் ஊர் வந்துவிடும். நிலக்கோட்டையில் மல்லிகை, ஒட்டன்சத்திரத்தில் காய்கறி, சின்னாளபட்டியில் சேலை. சுற்றியுள்ள ஆத்தூர், அய்யம்பாளையம் பக்கத்துத் தோப்புகளிலிருந்து தேங்காய் லாரி ஏறுகிறது. இந்த நான்கு சரக்கோடும் புழங்குகிறவர்கள் கையில் இன்று செல்போன் இருக்கிறது. சந்தை நிலவரமும் வாட்ஸ்அப் குழுக்களில் காலையிலேயே வந்து விழுகிறது. ஆனால் அந்தப் போன் நான்கு பேருக்கும் ஒரே அளவு நன்மை செய்யவில்லை. தேங்காய்க்காரருக்குச் செய்ததைப் பூக்காரருக்குச் செய்யவில்லை. சேலை வியாபாரிக்குச் செய்ததைத் தறியில் உட்கார்ந்திருப்பவருக்குச் செய்யவில்லை. கைபேசி கிராமத்தையே மாற்றிவிட்டது என்று பொதுவாகச் சொல்லிப் போகிறோம். யாருக்கு எவ்வளவு மாற்றியது, யாருக்கு ஏன் மாற்றவில்லை என்று பிரித்துப் பார்த்தால்தான் அடுத்து என்ன செய்யவேண்டும் என்பது புரியும்.

போன் செய்த நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் போனது. அந்தக் காலத்தில் ஒரு நிமிடம் பேச 16 ரூபாய் வரை ஆனது. நமக்கு வரும் அழைப்புக்கும் நாமே காசு கட்டினோம். 2003-இல்தான் வரும் அழைப்பு இலவசமானது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபிறகு இணையமும் மலிந்தது. அதற்கு முன்பெல்லாம் வெளியூர்ச் சந்தையில் என்ன விலை போனது என்பது, லோடு ஏற்றிப்போன டிரைவர் திரும்பி வந்து சொன்னால்தான் விவசாயிக்குத் தெரியும். எஸ்.டி.டி. பூத்தில் நின்று பேசலாம் என்றாலும், மறுமுனையில் நமக்கு உண்மை சொல்ல ஓர் ஆள் வேண்டும். வியாபாரி சொன்னதே விலை என்ற நிலை அப்படித்தான் நீடித்தது. இன்று மதுரையில் ஒரு விலை போய்க்கொண்டிருக்கும்போது நிலக்கோட்டையில் அதில் பாதியைச் சொல்லி யாரும் ஏமாற்றிவிட முடியாது. தகவலை மறைத்துவைத்து லாபம் பார்த்த வியாபாரத்தின் ஒரு பகுதி உண்மையிலேயே ஒழிந்துவிட்டது.

இதற்கு உலகமே எடுத்துக்காட்டும் ஆதாரம் நம் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. வட கேரளக் கடலோரத்தில் 1997 முதல் 2001 வரை செல்போன் கோபுரங்கள் ஒவ்வொன்றாக வந்த காலத்தில், மத்தி மீன் விலை என்ன ஆனது என்று ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் கணக்கெடுத்தார். போன் வருவதற்கு முன் ஒரு கரையில் மீன் தேங்கி, விற்காமல் கடலில் கொட்டுவார்கள். சில கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கரையில் வாங்க வந்தவர்கள் மீன் கிடைக்காமல் திரும்புவார்கள். போன் வந்தபிறகு, நடுக்கடலில் இருக்கும்போதே எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்டுப் படகை அங்கே திருப்பினார்கள். கரைக்குக் கரை இருந்த விலை வித்தியாசம் சுருங்கியது, மீனைக் கொட்டுவது ஏறக்குறைய நின்றது. மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் உயர்ந்தது, வாங்குபவர் கொடுத்த விலையோ சுமார் 4 சதவீதம் குறைந்தது. 2007-இல் வெளியான இந்த ஆய்வுக்குப் பிறகு, விவசாயி கையில் விலைத் தகவலைக் கொடுத்துவிட்டால் போதும், மீதியைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை அரசுகளிடமும் நிறுவனங்களிடமும் வேரூன்றியது.

அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். மகாராஷ்டிராவில் 100 கிராமங்களைத் தேர்ந்தெடுத்து, சிலருக்கு மட்டும் சந்தை விலையையும் வானிலையையும் எஸ்.எம்.எஸ். ஆக அனுப்பி, ஃபாஃப்ஷாம், மின்டன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். தகவல் பெற்றவர்களுக்குக் கிடைத்த விலை, பெறாதவர்களுக்குக் கிடைத்ததைவிடக் குறிப்பிடும்படி உயரவில்லை என்று 2012-இல் எழுதினார்கள். மத்தியப் பிரதேசத்தில் வேறு விதமான முடிவு கிடைத்தது. அங்கே ஐ.டி.சி. நிறுவனம் 2000-ஆம் ஆண்டிலிருந்து கிராமங்களில் இ-சௌபால் என்ற இணைய மையங்களை வைத்து சோயா விலையைத் தெரிவித்தது. சந்தையில் சோயா விலை 1 முதல் 3 சதவீதம் வரை கூடியதாக அபராஜிதா கோயல் கண்டறிந்தார். ஆனால் அந்த நிறுவனம் விலையைச் சொன்னதோடு நிற்கவில்லை, தானே கிடங்கு வைத்து நேரடியாகக் கொள்முதலும் செய்தது. மண்டிக்குப் போட்டியாகப் புதிதாக ஒருவர் வாங்க வந்தார். கேரளத்தில் படகைத் திருப்ப முடிந்தது, மத்தியப் பிரதேசத்தில் வேறு ஆளிடம் விற்க முடிந்தது, மகாராஷ்டிராவில் எஸ்.எம்.எஸ். மட்டும் வந்தது. மூன்றையும் சேர்த்துப் படித்தால், தகவல் பலன் தருவது அதைக் கேட்டு நடக்க வழி இருக்கும்போதுதான் என்பது தெளிவாகிறது. கேரளத்திலேயே பிற்பாடு ஜானகி ஸ்ரீநிவாசனும் ஜென்னா பரெலும் மறுபடி போய்ப் பார்த்தபோது, கடன் கொடுத்த ஏலக்காரரோடு கட்டுண்ட மீனவர்கள் எல்லோரும் விலையைக் கேட்டு நினைத்த கரைக்குப் போய்விடுவதில்லை என்பது தெரிந்தது.

இந்த வெளிச்சத்தில் செம்பட்டி வட்டாரத்தைப் பார்க்கலாம். மல்லிகை மொட்டை விடிவதற்கு முன்பே பறிக்கத் தொடங்கவேண்டும். வெயில் ஏறுமுன் சந்தையில் சேர்க்கவேண்டும். சாயங்காலம் அது மலர்ந்துவிடும். மலர்ந்தபின் விலை இல்லை. பனியில் வரத்து குறைந்து தை முகூர்த்தமும் சேர்ந்துகொண்டால் கிலோ ஆயிரம், இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டுகிற அதே பூ, கோடையில் வரத்து பெருகும்போது இருநூறுக்கும் கீழே இறங்குகிறது. 2013-இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது திண்டுக்கல் மாவட்டத்து மல்லியும் அதில் சேர்ந்தது. பெயருக்கு மதிப்பு வந்தது, பூவின் ஆயுள் ஒரு மணி நேரம்கூடக் கூடவில்லை. நிலக்கோட்டையைவிட மதுரையில் கிலோவுக்கு ஐம்பது ரூபாய் அதிகம் என்று போன் சொல்கிறது. கையில் இருப்பது ஐந்து கிலோ. பஸ் செலவும், போய்வரும் நேரமும், அங்கே தெரியாத கடைக்காரர் கழிக்கிற எடையும் சேர்ந்து அந்த ஐம்பதைத் தின்றுவிடும். அதற்கு மேல், உரத்துக்கும் மருந்துக்கும் பூக்கடையில் முன்பணம் வாங்கியவர் பூவை வேறு கடைக்குக் கொண்டுபோக முடியாது. விலை தெரிந்தும் கைகட்டி நிற்பவரின் நிலை, விலை தெரியாமல் ஏமாந்தவரின் நிலையைவிட அதிகம் வலிக்கக்கூடியது.

காய்கறிக்கு அதைவிடக் கொஞ்சம் அவகாசம் உண்டு. தக்காளி சில நாள் தாங்கும், முருங்கையும் ஓரிரு நாள் நிற்கும். ஆனால் ஒட்டன்சத்திரச் சந்தையில் விலையைத் தீர்மானிப்பதில் கேரளத்துக்குப் போகும் லாரிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஓணம் நெருங்கினால் ஏறும், அங்கே கனமழை கொட்டினால் இறங்கும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது நாடு முழுக்கச் செய்தியானது. ஓரிரு மாதத்தில் விலை சரிந்து, பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் போனது அவ்வளவு பெரிய செய்தியாகவில்லை. இதில் போனுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்றே கருதுகிறேன். ஒரே விலைச் செய்தி ஒரே நேரத்தில் எல்லோருக்கும் போய்ச்சேரும்போது எல்லோரும் ஒரே பயிரை நடுகிறார்கள். இன்றைய விலையைச் சொல்லும் செயலிகள் எத்தனையோ உண்டு. நம் வட்டாரத்தில் இந்த மாதம் எத்தனை ஏக்கர் தக்காளி நட்டிருக்கிறார்கள் என்பது நாற்று வாங்கும்போதே விவசாயிக்குத் தெரிந்தால் அவருக்கு அதைவிடப் பெரிய உதவியாக இருக்கும்.

தேங்காய்க்காரர் நிலை இவர்கள் இருவரையும்விட மேல். வெட்டிய காயைத் தோப்பிலேயே குவித்துவைத்து வாரக்கணக்கில் காத்திருக்கலாம். விலை படியாவிட்டால் உடைத்துக் காயவைத்துக் கொப்பரையாக்கலாம். போன் வழியாக மூன்று வியாபாரிகளிடம் விலை கேட்டு, நாலாவது ஆள் வரட்டும் என்று சொல்லவும் அவரால் முடியும். நிலக்கோட்டை பூக்காரர் வைத்திருப்பதும் இவர் வைத்திருப்பதும் ஒரே கம்பெனி போனாக இருக்கலாம். சரக்கு தாங்கும் நாள் கூடக்கூட அதன் பயனும் கூடுகிறது.

அப்படியானால் மாதக்கணக்கில் தாங்குகிற சேலைக்குத்தான் அதிகப் பயன் இருக்கவேண்டும். சின்னாளபட்டியில் அது நடந்தும் இருக்கிறது. முன்பு வெளியூர் ஜவுளிக்கடைக்காரர் நேரில் வந்தால்தான் வியாபாரம். இப்போது புதுச் சேலையின் போட்டோவைக் குழுவில் போட்டதும் வெளிநாட்டிலிருந்துகூட ஆர்டர் வருகிறது. வீட்டில் இருந்தபடி ஸ்டேட்டஸில் சேலைப் படங்களை வைத்து, ஆர்டர் வந்தபிறகு கடையில் எடுத்து அனுப்புகிற பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கடை வாடகை இல்லை, முதல் போடவேண்டியதில்லை. முதல் இல்லாத பெண்ணும் வியாபாரம் செய்யலாம் என்பது இந்தச் சமூகத்தில் சின்ன மாற்றமில்லை. ஆனால் தறியில் உட்கார்ந்திருப்பவர் நிலை வேறு. நூலையும் ஜரிகையையும் முதலாளி கொடுக்க, நெய்து கொடுத்துச் சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்குச் சேலை சொந்தமில்லை. சொந்தமில்லாத சேலையின் விலை போனில் தெரிந்து அவருக்கு ஆகப்போவது குறைவு. இன்னொரு சிக்கலும் உண்டு. புள்ளி புள்ளியாகக் கையால் முடிந்து சாயமேற்றிய சுங்குடியும், துணியில் அச்சடித்த சுங்குடியும் போட்டோவில் ஒன்றுபோலத்தான் தெரியும். தொட்டுப் பார்த்து வாங்கியவரைக் காலங்காலமாகத் திருப்திப்படுத்திய உழைப்பு கண்ணாடித் திரையில் தெரிவதில்லை. போதாக்குறைக்கு, சின்னாளபட்டிச் சேலையை உலகத்துக்குக் கொண்டுபோன அதே போன், சூரத் சேலையைச் சின்னாளபட்டி வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து இறக்கிவிட்டது.

இதற்கு எதிராக ஒரு நியாயமான கேள்வி எழும். பலன் இவ்வளவு குறைவென்றால் விவசாயிகள் ஏன் போனை இப்படி விரும்பி வைத்திருக்கிறார்கள்? விலை கேட்பதற்கு மட்டும் அவர்கள் போன் வாங்கவில்லை என்பதுதான் பதில். மும்முனை மின்சாரம் நடுராத்திரியில் வரும்போது, பாம்புக்குப் பயந்துகொண்டு கிணற்றடிக்கு நடக்காமல் வீட்டில் படுத்தபடியே மோட்டாரைப் போட மொபைல் ஸ்டார்ட்டர் இருக்கிறது. நடவுக்கு ஆள், உழவுக்கு டிராக்டர், சுமைக்கு டெம்போ எல்லாம் ஒரு அழைப்பில் முடிகிறது. இந்த வேலைகளில் போன் முழுப் பலன் தருவதற்குக் காரணம், மேற்கொண்டு செய்யவேண்டியது முழுக்க விவசாயியின் கையிலேயே இருப்பதுதான். இதன் உச்சமான உதாரணம் புதுச்சேரிக்கு அருகிலுள்ள நல்லவாடு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அந்த வட்டாரத்தில் கிராம அறிவு மையங்களை நடத்திவந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து அந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் அழைத்துக் கடல் பொங்குவதைச் சொல்ல, மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரையே வெளியேற்றினார்கள். 3,600 பேர் வாழ்ந்த ஊர் உயிர் பிழைத்தது. கரையை விட்டு ஓடுவதற்கு யாரிடமும் கடன் வாங்கவேண்டியதில்லை, யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அதனால் ஒரு செய்தியே ஊரைக் காப்பாற்றியது.

இன்னொரு வாதம், போன் இடைத்தரகரை ஒழித்துவிடும் என்பது. இருபது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறோம், கமிஷன் மண்டி அப்படியேதான் இருக்கிறது. மண்டிக்காரர் வெறும் விலை சொல்பவராக இருந்திருந்தால் போன் அவரை எப்போதோ ஒழித்திருக்கும். அவர் சிறு சிறு மூட்டைகளைச் சேர்த்து லோடாக்குகிறார். வெளி மாநில வியாபாரி பணம் கொடுக்க நாளானாலும் விவசாயிக்குத் தன் கையிலிருந்து கொடுக்கிறார். மகள் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் ஜாமீன் கேட்காமல் கடன் தருகிறார். அந்தக் கடனுக்கான வட்டி விலையிலும் எடையிலும் கழிகிறது என்பதும் உண்மை. இந்த வேலைகளைச் செய்ய வேறு ஆள் வராதவரை அவரைத் திட்டுவதில் பயனில்லை. விவசாயிக்கு ஒரு போன் வந்தபோது அவருக்கும் போன் வந்தது. நூறு ஊர் வரத்தும் விலையும் அவருக்குத்தான் முதலில் தெரிகிறது.

கடன் என்ற இடத்தில்தான் போன் அடுத்த மாற்றத்தைச் செய்ய வாய்ப்பிருக்கிறது. 2016 ஏப்ரலில் யு.பி.ஐ. அறிமுகமானது, அதே ஆண்டு நவம்பரில் பணமதிப்பிழப்பு வந்தது, 2023 ஆகஸ்டில் யு.பி.ஐ. ஒரே மாதத்தில் 1,000 கோடி பரிவர்த்தனைகளைத் தாண்டியது. டீக்கடையில் பணம் வந்ததை ஸ்பீக்கர் பெட்டி சத்தமாகச் சொல்கிறது. அந்தக் கடைக்காரருக்கு நாள்தோறும் எவ்வளவு வியாபாரம் என்ற கணக்கு தானாகவே பதிவாகி, அதைக் காட்டிக் கடன் கேட்க முடிகிறது. மண்டியில் சரக்குப் போடும் விவசாயிக்கு அந்தக் கணக்கு சேர்வதில்லை. முன்பணத்தைக் கழித்துக்கொண்டு மீதியை ரொக்கமாகக் கொடுத்து, துண்டுச் சிட்டையோடு அனுப்பிவிடுகிறார்கள். பத்து வருஷம் தவறாமல் சரக்குப் போட்டவரின் நாணயம் மண்டிக்காரர் மனதில் இருக்கிறது, வங்கிக்குத் தெரியவில்லை. விவசாயியின் விற்பனையையும் வங்கிக்குத் தெரியும் பதிவாக மாற்றுவது இன்றைய தொழில்நுட்பத்துக்குக் கடினமே இல்லை. அதற்குள் வேறொன்று முந்திக்கொண்டது. போனிலேயே ஐந்து நிமிடத்தில் கடன் தருவதாகச் சொல்லும் செயலிகள், தவணை தவறினால் போனில் உள்ள எண்களுக்கெல்லாம் அழைத்து அவமானப்படுத்தின. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் டிஜிட்டல் கடனுக்கு விதிமுறை வெளியிட்டது. போன் கடனைச் சுலபமாக்கியது, வட்டியைக் குறைக்கவில்லை.

யார் கையில் போன் இருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியப் பெண்களில் 54 சதவீதம் பேரிடமே தாங்களே பயன்படுத்தும் செல்போன் இருந்தது. இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள் 33 சதவீதம். தமிழ்நாட்டின் நிலை இதைவிட மேல்தான். ஆனாலும் விடியுமுன் எழுந்து பூப்பறிப்பதில் பெரும் பங்கு பெண்களுடையது, பூவுக்கான காசு வருவதோ பல வீடுகளில் ஆண்களின் எண்ணுக்கு. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை பெண்ணின் வங்கிக் கணக்கிலேயே நேராக விழுவதால் வீட்டுக்குள் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. விளைபொருள் விற்ற காசிலும் அதே ஏற்பாட்டைக் கொண்டுவருவது நியாயமான கோரிக்கை. அதற்குப் புதுச் செயலி வேண்டியதில்லை, சிட்டையில் பெண்ணின் பெயரும் அவர் கணக்கு எண்ணும் இருந்தால் போதும்.

அரசு சும்மா இருக்கவில்லை. 2016 ஏப்ரலில் மத்திய அரசு இ-நாம் என்ற மின்னணு வேளாண் சந்தையைத் தொடங்கியது, 2018-இல் தமிழ்நாட்டில் உழவன் செயலி வந்தது. இரண்டும் தேவைதான். ஆனால் அவற்றின் வெற்றியை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்று அளப்பது தவறான அளவுகோல். நிலக்கோட்டைக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் சிறு விவசாயி கட்டுப்படியாகும் வாடகையில் எத்தனை டன் குளிர்பதன வசதி இருக்கிறது, மண்டி முன்பணத்துக்குப் பதிலாகக் கூட்டுறவுச் சங்கத்தில் நேரத்துக்குக் கடன் பெற்றவர் எத்தனை பேர், கூலிக்கு நெய்தவர்களில் எத்தனை பேர் சொந்த நூல் போட்டு நெய்யத் தொடங்கினார்கள் என்றெல்லாம் கேட்டு அளக்கவேண்டும். குளிர்பதனக் கிடங்கு கட்டினாலும் மின்கட்டணம் கட்டாமல் மூடிக்கிடக்கும் என்பார்கள். தனியொருவர் நடத்தினால் அப்படி ஆகலாம். ஆனால் சேர்ந்து சரக்கு வைக்கும் உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் இன்று இருக்கின்றன. எந்த வாரம் எவ்வளவு சரக்கு வரும் என்று முன்கூட்டியே கேட்டுவைத்து, கிடங்கு காலியாக ஓடாமல் பார்த்துக்கொள்ளவும் போனே உதவும்.

இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. திண்டுக்கல் விற்பனைக் குழுவின் கீழ் இயங்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில், தாங்கக்கூடிய விளைபொருளை இருப்பு வைத்து அதன் மதிப்பில் ஒரு பகுதியைப் பொருளீட்டுக் கடனாகப் பெறலாம். விலை ஏறும்வரை சரக்கும் கிடக்கும், அவசரச் செலவுக்குக் காசும் கிடைக்கும். கொப்பரையோ மக்காச்சோளமோ கையில் இருந்தும் அவசரத்துக்காக மலிவாகத் தள்ளிவிட நினைக்கிறவர்கள், விலை பார்க்கப் போனை எடுக்கும்போது பக்கத்து விற்பனைக் கூடத்துக்கும் ஒரு அழைப்புப் போட்டு, என்னென்ன சரக்குக்குக் கடன் உண்டு, எவ்வளவு, என்ன வட்டி, எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.